பின்பக்கம் காட்டும் கண்ணாடி

அக்கா பிஸ்கட் டப்பாவைத் திறந்து, உள்ளே நெருக்கமாக நிற்கும் அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளி, வேண்டிய ஒன்றை உருவி, ஒரே மூச்சில் படித்துவிட்டு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். அடுத்த வாடிக்கையாளர் வர இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் சுத்தமாக இருக்கிற தரையை மறுபடி பெருக்குகிறார். காலி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்துகிறார். முடியே இல்லாதபோதும் வலது கையில் கத்தரிக்கோல் காற்றை நறுக்கிக்கொண்டிருக்கிறது.

அட்டையின் முன்பக்கத்தில் தொழில் சமாச்சாரம்: சாயத்தின் எண், எந்தக் காதுக்குப் பின்னால் தழும்பு, எந்தத் தைலம் ஒத்துக்கொள்ளாது. பின்பக்கத்தில், அந்த வாடிக்கையாளரிடம் எதைப் பேச வேண்டும் என்ற குறிப்பு. "பூனை. மலையேற்றம்." "வயலின். மருமகளைப் பத்திக் கேக்கவே கூடாது." "துப்பறியும் கதை. முடிவைச் சொல்லித் தொலைச்சிடாதே."

எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் பார்லர் அக்கா. ஒரே அறை, இரண்டு நாற்காலி, ஒரு முகம் கழுவும் தொட்டி. வாடிக்கையாளர்களின் விருப்பங்களை நூலகத்தில் தேடிப் பிடித்துப் படிப்பது அவருக்குத் தொழிலின் பாதி. "முடி ஒரு மாசத்துல வளந்துடும். ஆனா இங்க வந்து நாம அறிவாளியாத் தெரிஞ்சோம்கிற நெனப்பு இருக்கே, அது அவ்ளோ சீக்கிரம் கலையாது. அதுக்காகவே திரும்பி வருவாங்க" என்பார்.

என் அட்டையை ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நீ வாயத் தெறந்தாத்தானேம்மா நான் ஏதாவது படிக்க முடியும்? உனக்கு என்ன பிடிக்கும்னு நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள உனக்கு நரைச்சுடும்போல இருக்கு!"

நான் சிரித்தேன். உடனே என் கண் முன்னாலேயே பேனாவை எடுத்து எழுதினார்: "சிரிப்பா. கொஞ்சம் லேட்டாகும்."

டீச்சரம்மாவின் அட்டையில் ஒரே சொல்தான் இருந்தது: "சிலை." கலை வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாக வருவார். அவரை அசத்த வேண்டும் என்றே அக்கா படிக்க ஆரம்பித்தார். தடித்தடியான புத்தகங்கள், சில தமிழில் இல்லாமல், எனக்குத் தெரிந்த இன்னொரு மொழியில் இருக்கும். என் தலையில் சாயம் ஊறும் அரை மணி நேரத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிடுவார். "இந்தப் பக்கம் என்ன சொல்லுதுன்னு சொல்லு. அப்புறம் இந்தப் பேரை எப்படி வாய்க்குள்ள நொழைக்கறதுன்னும் சொல்லு." நான் சொல்வேன். அவர் எனக்குப் பின்னால் நடந்தபடியே பத்துத் தடவை உருப்போடுவார். வியாழக்கிழமை அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து பிறந்ததிலிருந்தே பழகியதுபோல் வந்து விழும். டீச்சரம்மா கண்ணாடிக்குள்ளிருந்து "சபாஷ்" என்பார். அக்காவுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் நிற்காது.

சென்ற வருடம் டீச்சரம்மா மகன் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். அக்கா அந்த அட்டையை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டார். புத்தகங்களை மட்டும் விடவில்லை. இதுதான் அவரைப் படுத்துகிறது.

"எந்த மகராசிக்குப் பரீட்சை எழுதறதா உத்தேசம்?" என்று கேட்பார் வேன் ஓட்டும் கணவர், மதியச் சாப்பாட்டை வாசலில் நின்று நீட்டியபடி. "அந்தம்மாதான் ஊரைவிட்டே போயாச்சே."

"உங்களுக்கு ஏன் வலிக்குது? வேன்ல பாட்டுப் போடறீங்களே, யாருக்குப் போடறீங்க? பின்னாடி இருக்கற சிமெண்டு மூட்டைக்கா?"

"பாட்டு நான் கேக்கறேன்டி!"

"நானும் அப்படித்தான்" என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆனால் கணவர் தலை மறைந்ததும் என்னிடம் திரும்புவார். "அப்படித்தானா? எனக்கே தெரியலையேம்மா."

கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்குப் போகிறார். ஒரு முறை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சிலைகளுக்கு முன்னால் அவர் நின்று நான் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்விடுகிறார். இருபத்திரண்டு வருடமாக மனிதர்களைப் பின்னாலிருந்தே பார்த்துப் பழகியவர். பிடரியும் காதுமடலும்தான் அவருக்கு முகம். சுவரோடு ஒட்டியிருக்கும் சிலைகளுக்குக் கைப்பையில் ஒரு கருவி வைத்திருக்கிறார்: வெட்டி முடித்ததும் தலையின் பின்பக்கத்தைக் காட்டுவதற்காகக் கடையில் ஆணியில் மாட்டியிருக்கும் அதே கைக்கண்ணாடி.

"அம்மா, தொடக் கூடாது" என்று காவலாளி எழுந்து வந்தார்.

"தொடலையே. கண்ணாடிதான் எட்டிப் பாக்குது."

"எல்லாரும் மொகத்தைப் பாக்கறாங்க. நீங்க மட்டும் ஏம்மா முதுகுக்குப் பின்னாடி சுத்தறீங்க?"

"மொகத்தைத்தான் எல்லாரும் பாத்தாச்சே!"

மூன்றாவது கூடத்தில், சுவரில் குடைந்த மாடத்துக்குள், குடத்தைச் சாய்த்தபடி நிற்கிறாள் ஒரு கல் பெண். சிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை நுழையும் இடைவெளி. அக்கா கண்ணாடியை அதற்குள் விட்டு, மெல்லச் சாய்த்து, என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். இருட்டுக்குள் ஒரு பின்னல் தெரிந்தது. மேலே நான்கு புரி சேர்ந்த நான்கு கால் பின்னலாகத் தொடங்கி, பாதியில் ஒரு கால் நின்றுபோய், மிச்சம் மூன்று காலாக இடுப்புவரை இறங்கியது.

"இது கைத்தப்பு இல்ல. கல்லு செதுக்கினவனுக்குத் தலை பின்னத் தெரியாது, பாத்ததைத்தான் செதுக்கியிருக்கான். தெரிஞ்சவனா இருந்தா அழகா சரிபண்ணி முடிச்சிருப்பான். அந்தப் பொண்ணுக்கு ஒரு பக்கம் முடி குட்டை. பெரிய காய்ச்சல்ல கொட்டிப்போயி மறுபடி வளர்ற முடி இப்படித்தான் பாதியில நிக்கும். எத்தனை தலை பாத்திருக்கேன்! போன வருஷம் படுத்துக் கெடந்து எழுந்தவம்மா இவ."

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. எல்லாப் படமும் முன்னாலிருந்து எடுத்ததுதான். டீச்சரம்மாவிடம் சொல்லுங்களேன் என்றேன். அக்கா கண்ணாடியைப் பைக்குள் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"ரெண்டு தடவை போன் போட்டேன். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டேன். சொன்னா 'சபாஷ்'ம்பாங்க. அப்புறம் அந்த சபாஷுக்காகத்தான் பாத்தேனா, இல்ல நெஜமாவே பாத்தேனான்னு எனக்குத் தெரியாமலே போயிடும். ஒண்ணே ஒண்ணையாவது யாருக்கும் சொல்லாம வெச்சுக்க முடியுதான்னு பாக்கறேன். முடிஞ்சா, இத்தனை நாள் படிச்சது என்னுது. முடியலேன்னா எல்லாம் வெறும் கடைப் பேச்சு."

"என்கிட்ட சொல்லிட்டீங்களே அக்கா."

"உன்னை யாரு கணக்குல சேத்தா? உன்கிட்ட சொல்றது கெணத்துல கல்லு போடற மாதிரி."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீப்பை வைத்த இடத்தில் தேடுவதில்லை. நுரை போட்ட தலையை விட்டுவிட்டு வாசல்வரை போய்த் திரும்புகிறார். பேச்சு பழைய கட்டடம், பழைய கல் என்று எங்காவது திரும்பினால் போதும், வாயில் ஒரு ஹேர்ப்பின்னைக் கடித்துக்கொண்டுவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை நான் சாயத்தோடு இரண்டாவது நாற்காலியில் இருந்தேன். முதல் நாற்காலியில் அருங்காட்சியக நண்பர்கள் குழுவின் செயலாளர். அட்டையில் "பூனை. மலையேற்றம்" என்று இருப்பவர். அன்று பூனை எடுபடவில்லை. மாலையில் மூன்றாவது கூடத்தில் அவர் பேசப் போகிறார், அந்தக் கல் பெண்ணுக்கு முன்னாலேயே நின்று. முடி எளிமையாக, ஒற்றைப் பின்னலாக இருக்க வேண்டும் என்றார்.

"எப்படி ஆரம்பிக்கப் போறேன் தெரியுமா? இந்தச் சிலைக்குப் பின்பக்கமே கெடையாது, வெறும் கல்லுன்னு சொல்லப் போறேன். சுவத்துல ஒட்டி நிக்கறதுக்கு எவன் மெனக்கெட்டு முதுகைச் செதுக்குவான்? எவன் பாக்கப் போறான்? கூட்டம் சிரிக்கும். அங்கேருந்து பிடிச்சுக்குவேன்."

அக்காவின் கை நின்றது. கண்ணாடிக்குள் அவர் பார்வை என்னைத் தேடி வந்தது. நான் கிணறுபோல் இருந்தேன்.

"நீங்க பாத்திருக்கீங்களா மேடம்? பின்னாடி?"

"பாக்க என்ன இருக்கு? எங்கியும் எழுதலையே."

அக்கா வாயைத் திறந்தார். ஒரு வாக்கியம் போதும். அந்த அம்மா எழுந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். மாலைக் கூட்டத்தில் அக்காவை எழுந்து நிற்கச் சொல்லியிருப்பார். அக்காவின் காது நுனி சிவந்துவிட்டது. ஒரு ஹேர்ப்பின்னை எடுத்துக் கடித்தார். பிறகு இன்னொன்று. மூன்று ஹேர்ப்பின்கள் வாயில் இருக்க, முடியை வகிர்ந்தார்.

நான்கு கால். வேகமாக, இழுத்துப் பிடித்துப் பின்னினார். நடு முதுகு வந்ததும் ஒரு காலை நிறுத்தி, நுனியை உள்ளே மடித்துச் செருகி, மிச்ச மூன்றையும் கீழே கொண்டுபோனார். நாற்காலியில் இருந்தவர் முழுநேரமும் கைப்பேசியில் தன் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா? பின்பக்கம் காட்டு."

எந்தத் தலைக்கும் பின்பக்கம் காட்டாமல் அவர் அனுப்பியதில்லை. ஆணியிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தார், உயர்த்தாமல் பிடித்துக்கொண்டார்.

"நல்லா வந்திருக்கு மேடம். கெளம்புங்க, கூட்டத்துக்கு நேரமாகுது."

செயலாளர் கைப்பேசியில் மணியைப் பார்த்து, பையை அள்ளிக்கொண்டு ஓடினார். கதவுக் கண்ணாடி வழியாக அந்தப் பின்னல் தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கண்ணாடியை ஏப்ரன் நுனியில் துடைத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி ஆணியில் மாட்டினார். வலது கையில் கத்தரிக்கோல் மூடியபடி இருந்தது.