திருவிழா நாளை நீக்கிய சராசரி

ஓர் அழைப்பு போய்ச் சேராமல் இருக்க மூன்று காரணங்கள் உண்டு. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். அல்லது டவரிலேயே இடமில்லை. மூன்றாவதை எண்ணுவது என் வேலை. பெருங்குடி அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த டவர் எந்த நேரத்தில் எத்தனை அழைப்புகளைத் திருப்பி அனுப்பியது என்று பார்ப்பேன். கூடுதல் டவர் எங்கே என்பது அதை வைத்துத்தான் முடிவாகும்.

போன வருடம் அறுபத்து மூவர் திருவிழா அன்று, மயிலாப்பூர் வீட்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மாட வீதி முழுக்கக் கூட்டம். அம்மா ஆம்புலன்ஸுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள், மறுபடி ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். எதுவும் போகவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்பாவை நாற்காலியோடு தூக்கி, மோர்ப் பந்தல்களுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டுக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். சீக்கிரம் வந்திருந்தால் வலது கையையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

மாதக் கணக்கு எடுத்தபோது மேனேஜர் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மயிலாப்பூர் மட்டும் மலை மாதிரி நிக்குது?"

"அறுபத்து மூவர் சார்."

"அப்ப அந்த நாளைத் தூக்கிடு. தீபாவளி, திருவிழால்லாம் சராசரில சேராதுன்னு தெரியாதா?"

"வண்டில வெச்ச டவர் ஒண்ணு வந்தா போதும் சார். அன்னிக்கு மட்டும்."

"தி.நகர் கடைக்காரங்க தினமும் கத்துறாங்க. உங்க சாமி வருஷத்துக்கு ஒருவாட்டிதானே வெளிய வராரு!"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"சாரிம்மா, தெரியாது. ஆனா நான் விட்டாலும் மேல இருக்கறவங்க தூக்கிடுவாங்க."

நீக்கினேன். மயிலாப்பூர் பச்சை நிறத்துக்கு மாறியது. குறையில்லாத டவர் என்று அர்த்தம்.

"ஆஃபீஸ்ல சொன்னியோடி? டவர் வெப்பாளா?" என்று அம்மா கேட்டாள்.

"வெக்க மாட்டா."

"அப்போ நாமதான் கிளம்பணும்."

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்தைய நாளே அப்பாவை அடையாறில் சித்தி வீட்டுக்கு அழைத்துப்போக ஆட்டோ வந்தது. ஒவ்வொரு வருடமும் வாசலில் நின்று பல்லக்குகளைப் பார்ப்பவர். "நாளைக்கு... பல்லக்கு..." என்றார் குழறலாக.

"டிவில காட்டுவா, பாருங்கோ," என்றாள் அம்மா.

அப்பா இடது கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் விடுவித்தேன்.