பூமாரி வெயிலில் வைத்த டிரம்கள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாந்தன்பாறை மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்து, சொந்தமாக நாலு ஏக்கர் தோட்டம் ஆக்கியவன். என்னிடம் யோசனை கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் ஒரு செடி நட மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் செய்ததையே மாற்றிக் காட்டிய ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி, பெயர் பூமாரி.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் காய் பறித்தவள். முட்டி தேய்ந்து சரிவில் நிற்க முடியாமல் போனதும், வீட்டுக்குப் பின்னால் பாலித்தீன் குடில் போட்டு ஏல நாற்று வளர்த்தாள். முதல் மார்கழிக் குளிரிலேயே பாதி நாற்று போய்விட்டது. ஜோமோன் என்ற தோட்டக்காரர் வந்து பார்த்து, நாற்று அடுத்த குளிரைத் தாங்கினால் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் தவறினால் அந்த முட்டியோடு மறுபடி சரிவில் ஏற வேண்டியதுதான்.

மறு ஐப்பசியில் என்னிடம் வந்தாள். பகலில் வெயிலை வாங்கி ராத்திரி விடுகிற பொருளை உள்ளே வைத்தால் குடில் குளிராது என்று கேள்விப்பட்டிருந்தாள். கல்லா, மணலா என்று கேட்டாள். தண்ணீர் என்றேன். கல்லைவிடத் தண்ணீர்தான் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், மூளை போதும். என்னிடமிருந்த பன்னிரண்டு டிரம்களையும் கொடுத்தேன். அவற்றுக்கு அடித்த கறுப்புப் பெயின்டும் என்னுடையது. பதினொன்றை உள்ளே நிறுத்தித் தண்ணீர் நிரப்பினோம். ஒன்றை மட்டும் கை கழுவ வெளியே வைத்துக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்தது. விடியலில் குடில் சில்லென்றே இருந்தது. ஓரத்து நாற்றுகள் மஞ்சளிக்கத் தொடங்கின. இன்னும் பத்து டிரம் வை என்றேன்.

அன்று சாயங்காலம் ஈரக் கையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, வெளிய நிக்கிற டிரம்முல தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. உள்ள இருக்கதெல்லாம் கெணத்துத் தண்ணி மாதிரி கெடக்கு. நாம வலையப் போட்டு வெயில மறைச்சிட்டோம்.”

ஏலம் நிழல் கேட்கிற பயிர். குடில் என்றால் மேலே பச்சை வலையை முழுக்க விரித்துவிடுவது எங்கள் கைப்பழக்கம். டிரம்முக்கும் சேர்த்தே விரித்திருந்தோம். நாற்பது வருஷம் ஏலத்தில் கிடந்த எனக்கே தோன்றவில்லை என்றால் வேறு எவனுக்குத் தோன்றியிருக்கும்?

“வலைய எடுத்தா நாத்து கருகிரும்ல?” என்றேன்.

“நாத்துக்கு வலை இருக்கட்டும். டிரம்முக்கு எதுக்கு நெழலு? அது என்ன, கறுத்துப் போகும்னு பயப்படுதா?”

என்னிடம் இப்படிப் பேச இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

மறுநாள் தண்ணீரைக் கொட்டி, டிரம்களைத் தெற்கு ஓரத்துக்கு உருட்டி மறுபடி நிரப்பினோம். அந்த மாதங்களில் வெயில் தெற்கே சாய்ந்துதான் அடிக்கும். அங்கே மட்டும் வலையைச் சுருட்டிக் கட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் தொட்டுப் பார்த்தேன், டிரம் சுட்டது. மார்கழியில் வெளியே பனியில் புல் வெளுத்துக் கிடந்த காலையில் உள்ளே போனவன் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஓரத்தில் ஏற்கெனவே பழுத்த நூறு நாற்றைத் தவிர ஒன்றும் சாகவில்லை.

தை பிறந்ததும் ஜோமோன் வந்தார். ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தனக்கே வைக்கச் சொன்னார்.

“பாதிதான் சார் தருவேன்,” என்றாள் பூமாரி. “மீதி அண்ணாச்சிக்கு.”

நான் கேட்கவே இல்லை. ஆனால் நல்ல நாற்று யார் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது இரண்டாவது குடிலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருக்கிறது. வலையை எங்கே நிறுத்துவது என்று இந்த முறை அவளையே அளக்கச் சொல்லிவிட்டேன்.