திரும்பி வராத ஃபங்ஷன்கள்

நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் எழுதுகிறவன் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் தற்காலிக விசாவில், ஆறு மாதப் புரபேஷனில் இருந்துகொண்டு எழுதுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். என்னைப் போல விசாவுக்காகத் தவிக்கும் உங்களுக்கு இது விளங்கும்.

அன்ரியின் சந்தேகம்

டூங்கபி என்னும் புறநகரில் எங்கள் வீட்டுக்கார அன்ரி என் வேலை என்னவென்று கேட்டார். சாதாரணமாக ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலில் ஒரு சிறு வேலையைச் செய்யும் பகுதி, கேட்டவரிடமே விடையோடு திரும்பி வரும். நான் அதை மாற்றுகிறேன். விடையை அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதைப் போகும்போதே கையில் கொடுத்துவிடுகிறேன். பிறகு அது திரும்பவே தேவையில்லை. இதைச் சொன்னதும் அன்ரி தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"போனது திரும்பி வராமல் இருக்கிறதுக்கும் ஒரு படிப்போ, தம்பி?"

சுற்றிய வட்டம்

ஒரு கிளினிக்கின் பதிவு மென்பொருள் எங்கள் கம்பைலரை நம்பித்தான் ஓடுகிறது. ஒரே ஓர் இடத்தில் அந்த 'அடுத்து' என்பதைக் கொடுத்தனுப்ப நான் மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை எங்கள் பரமட்டா அலுவலகத்துக்குப் போன் வந்தது. கிளினிக் வரவேற்பில் இருக்கும் கோயம்புத்தூர் அக்கா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பேஷன்ட் பேரைப் போட்டேன் தம்பி, உள்ள போச்சு. ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது, இன்னும் வெளிய வரல. இவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

பிரியாவின் கேள்வி

அந்தப் பிழையை அன்றே திருத்திவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை என் புரபேஷன் அறிக்கை. நல்லபடி வந்தால்தான் கம்பனி விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும். அறிக்கையை எழுதப்போகிறவர் மேலாளர் பிரியா, சென்னைக்காரர். புதனன்று என் நிரலை வரி வரியாகப் பார்த்தார். எல்லா ஃபங்ஷனுக்கும் வெற்றி பெற்றால் போக வேண்டிய இடத்தை ஒழுங்காக எழுதியிருந்தேன். அது மட்டும்தான் இருந்தது.

"எல்லாம் ஓகே. ஏதாவது ஒண்ணு ஃபெயிலாச்சுன்னா, அது எங்க போகும்?"

வெள்ளிக்கிழமை

இரண்டு நாளும் சோறு இறங்காமல் இருந்து, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், தோற்றால் போக வேண்டிய இரண்டாவது வழியையும் எழுதி முடித்தேன். பிரியா கையெழுத்துப் போட்டார், ஸ்பான்சரும் உறுதி. ரயிலில் வரும்போது அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைகள் வாசலில் கழற்றிப் போட்டிருந்த சப்பாத்துகளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லதப்பா. இனி இமிகிரேஷன்காரர் விசாவை மறுத்தா, நாங்கள் எங்கை போறது எண்டும் எழுதி வைச்சிருக்கிறியளோ?"

ஒரு கம்பைலர் முழுவதற்கும் அந்த வழியை எழுதி வேலையைத் தக்கவைத்தவன், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அதை எழுதத் தெரியாமல், குனிந்து அவளோடு சேர்ந்து சப்பாத்துகளை அடுக்கினேன்.