ராவணன் மீசையின் பெண் செடி

கல்லைப் பார்த்தாவது நான் யோசித்திருக்க வேண்டும். போகிக்கு முன் எங்கள் அடையாறு வீட்டை ஒழித்தபோது, மகளின் கட்டிலுக்கடியில் பழைய செய்தித்தாள் அடுக்கின்மேல் இரண்டு கருங்கற்கள் இருந்தன. கற்களை நகர்த்திவிட்டு, அடுக்கை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒரு புல் உலர்ந்துகொண்டிருந்தது. அவள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள்; பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஒப்படைக்க வேண்டிய தொகுப்பு அது. மறுநாள் அவள் தேடியபோதுதான் தெரிந்தது. பேப்பர்காரரின் கடைக்கு ஓடினேன்.

"அல்லாம் காலைலயே லாரில பூட்ச்சும்மா. பேப்பர் நடுவுல புல்ல வச்சா நாங்க இன்னா பண்றது, மாடா வளத்துகினு கீறோம்?"

அவள் சண்டை போடவில்லை. அடுத்த நாள் நான் எழுந்தபோது படுக்கை காலி. கைப்பேசி மேசையில் கிடந்தது. தோழிகள் வீட்டுக்கெல்லாம் பேசிவிட்டு, பத்து மணிக்குத் திருவான்மியூர் கடற்கரையில் அவளைக் கண்டுபிடித்தேன். மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டு வர மாட்டியாடி?"

"இதெல்லாம் ஆண் செடிம்மா," என்றாள், என்னைப் பார்க்காமல்.

ராவணன் மீசை என்கிற அந்தக் கடற்கரைப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறாம். பெண் செடியில் முள்பந்து போல ஒரு பெரிய உருண்டை வரும். முற்றியதும் கழன்று, காற்றில் உருண்டு போய் விதை பரப்பும். அவள் அதைப் பாதியாக வெட்டி, தாளுக்குள் வைத்திருந்தாள். இப்போது கரையில் ஓர் உருண்டைகூட இல்லை. நானும் தேடினேன். மணலில் படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தது, இழுத்தால் வரவில்லை. விறைத்த இலை நுனி விரலில் ஊசியாக ஏறியது.

"புல்லுதானே, வேற ஒண்ணு வச்சுக்கோயேன்."

"நான் மெடிக்கல் வேணாம், பாட்டனி படிக்கிறேன்னு சொன்னப்பவும் இதத்தான் சொன்ன. புல்லுதானேன்னு."

சொல்லியிருந்தேன். உறவினர்கள் முன்னாலேயே, சிரித்துக்கொண்டு.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். கிடைத்த புற்களை வைத்துத் தொகுப்பை முடித்தாள். ஒப்படைக்கும் நாளில் அவள் குளிக்கப் போனபோது திறந்து பார்த்தேன். ஆண் செடிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாள். கீழே அவள் கையெழுத்தில்: "பெண் செடி. சேகரித்தது, இழந்தது."

எப்படி இழந்தது என்று எழுதவில்லை.