நான் சொல்லாமல் விட்ட வெப்பநிலை

என் மகளின் காதில் எந்தக் கோளாறும் இல்லை. இருப்பதாக அவளையே நம்ப வைத்தவன் நான். இதை எழுதிவிட்டால் மனம் லேசாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவள் ஹெலிகாப்டர் ஓட்டப் படித்தவள். உரிமம் வாங்கியும் வேலை கிடைக்காமல் அரியலூர் வீட்டில் என்னோடு இருந்தாள். அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். வடக்கே மலைக் கோயில்களுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு கம்பெனி அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. தேர்வு நிஜ ஹெலிகாப்டரில் இல்லை, சிமுலேட்டரில். அவள் ஓட்டுவாள், பக்கத்தில் இருப்பவர் கருவிகளைப் பார்த்துச் சொல்வார். அந்தப் பழக்கம் வருவதற்காக மாடி அறையில் கணினி, இரண்டு திரை, கைப்பிடி, கால் மிதி எல்லாம் வைத்துத் தினமும் மத்தியானம் பயிற்சி செய்தாள். பக்கத்து நாற்காலி எனக்கு.

என் வேலை ஒன்றே ஒன்று, வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கவனிப்பது. ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கி, எதிரே மேகமும் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். அவள் ஒரு சுவிட்சைப் போடுவாள், எஞ்சினின் காற்று வாய் சூடாகும். போடாவிட்டால் அங்கே பனிக்கட்டி பிடித்து எஞ்சின் நின்றுவிடும்.

"பூஜ்யத்துக்கு மேல இருக்கும்போதே எப்படிம்மா உறையும்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"உள்ள இழுக்கும்போது காத்து இன்னும் குளிரும்ப்பா. சிமெண்ட் ஆலை இன்ஜினியருக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது? உங்களுக்கு ஆயிரம் டிகிரிக்குக் கீழ எல்லாமே குளிர்தான்."

உண்மைதான். நான் வேலை பார்த்தது சூளையின் வெப்பத்தைக் கண்காணிக்கும் அறையில். அங்கே ஒருவர் எண்ணைச் சொன்னால் இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் வரை நான் ஓர் எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

முதலில் "ஐஸ்" என்றுதான் சொன்னேன். ஹெட்போனில் ஹெலிகாப்டர் விசிறிச் சத்தத்துக்கு நடுவே அது "யெஸ்" என்று கேட்கிறதாம். "எதுக்குப்பா சும்மா சும்மா யெஸ் யெஸ்ங்கிறீங்க?" என்று சிரித்தாள். பிறகு "பனி" என்று வைத்துக்கொண்டோம். வெளியே சித்திரை வெயிலில் தார் உருகும். பனியனோடு வியர்த்து உட்கார்ந்து நான் "பனி" என்பேன். "பனி, சுவிட்ச் போட்டாச்சு" என்று அவள் திருப்பிச் சொல்வாள்.

ஒருநாள் கண் அசந்துவிட்டேன். எஞ்சின் நின்றது, திரையில் மலை சுழன்று மேலே வந்தது, எல்லாம் முடிந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "சொன்னேனே" என்றேன்.

"சொன்னீங்களா? காதுல விழலயேப்பா. ஸாரி."

அவ்வளவு எளிதாக நம்பினாள். அந்த எளிமைதான் எனக்கு வழி காட்டியது. அவளுக்குத் தன் காதில் நம்பிக்கை போனால் மலைப்பக்கம் போக மாட்டாள் என்று தோன்றியது. அவள் உயிருக்குப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவள் போன பிறகு அந்த வீட்டில் நான் தனியாக என்ன செய்வேன் என்பது மீதி.

அடுத்த மூன்று வாரங்களில் இன்னும் நான்கு முறை, எண் மூன்றுக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் "சொன்னேனே" என்றேன். கடைசி முறை அவள் ஸாரி சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துப் பார்த்தாள்.

பெரம்பலூரில் காது டாக்டரிடம் போனாள். சோதனையில் குறை ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மூளையில் ஏதோ என்று பயந்தாள். தேர்வுக்கு முன் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்கச் சென்னைக்குப் போனவள், காது கேட்பதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு, சில சமயம் சொல்வது விழுவதில்லை என்று நேர்மையாக எழுதிக் கொடுத்துவிட்டாள். சான்றை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தேர்வுத் தேதி தாண்டிப் போயிற்று.

சான்றை நிறுத்தி வைத்த காகிதத்தோடு அவள் சமையலறையில் நின்றபோது உண்மையைச் சொன்னேன்.

அடுப்பை அணைத்தாள். "எத்தன தடவ?"

"அஞ்சு. முதல் தடவ தூங்கிட்டேன்மா, நிஜமா."

"மத்த நாலு?"

கைக்கு எட்டிய தம்ளரை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

"டிவி சத்தத்தக் குறைச்சுக் குறைச்சு வச்சு, இப்ப கேக்குதா, இப்ப கேக்குதான்னு பாத்துட்டிருந்தேன்ப்பா. நீங்க அதே சோபாவுலதான் உக்காந்திருந்தீங்க."

மறுவாரம் என்னையும் சென்னைக்கு அழைத்துப் போனாள். அந்த மருத்துவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கும் பொண்ணு இருக்குங்க சார். அவளுக்காக நானும் எது வேணா சொல்வேன்."

"நான் பொய் சொல்லல டாக்டர்."

"மூணு வாரம் பொய் சொன்னேன்னு இப்பதானே சொன்னீங்க? அதுல எத நான் நம்புறது, சொல்லுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். வாங்கிக் கோப்பில் வைத்தார். அந்தக் கடிதத்தாலேயே அவள் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை என்று ஆயிற்று. நான் திருத்தப் போனது இன்னும் சிக்கலாகிவிட்டது.

அவள் பெரம்பலூரில் அறை எடுத்துக்கொண்டு, ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அழைத்தால் எடுப்பதில்லை. மருத்துவச் சான்று அலுவலகத்தின் கடிதங்கள் மட்டும் பழைய முகவரிக்கே, அதாவது என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. வந்த அன்றே பிரிக்காமல் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த இரண்டு நிமிஷம் அவளைப் பார்க்கலாம்.

போன வாரமும் ஒன்று வந்தது. சென்டர் வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தாள்.

"மறுபரிசோதனைய இன்னும் மூணு மாசம் தள்ளிட்டாங்க."

"நான் வேணா திரும்பவும் வந்து..."

"வேண்டாம்ப்பா." உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். கடிதத்தை மடித்தாள். "முகவரிய மாத்தி எழுதிக் குடுத்துட்டேன். அடுத்தது இங்கயே வந்துரும். இந்த வெயில்ல நீங்க அலைய வேண்டாம்."

சரிம்மா என்றேன். அவள் வகுப்புக்குள் போனாள்.