படத்தின் ஓரத்தில் ஒரு சைக்கிள்

எங்கள் ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரேணிகுண்டா அண்ணன் ஒருவர், பல வருடங்களுக்கு முன்பு தான் எடுத்த பழைய படம் ஒன்றை நேற்று போட்டார். ஏகாம்பரகுப்பம் கேட்டைக் கடக்கும் கூட்ஸ் வண்டி. எல்லாரும் இன்ஜின் நம்பரைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நான் ஓரத்தைப் பார்த்தேன். பாதியில் வெட்டுப்பட்ட சைக்கிள் கேரியர், அதில் நூல் மூட்டை, மூட்டைமேல் மஞ்சள் கவுன் போட்ட குழந்தையின் கால்.

அது என் கவுன். சைக்கிள் என் நைனாவுடையது.

சாயப்பட்டறை வாடையும் டீசல் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறின. தறிக்கு நூல் எடுத்து வரும்போதெல்லாம் அந்தக் கேட் எங்களுக்காகவே மூடியிருக்கும். வெயில் கொளுத்தினாலும் கடைசிப் பெட்டி போகும்வரை நைனா நகரமாட்டார். கேட் திறந்த பிறகும், "இரு கண்ணு, இன்னொண்ணு வந்துகினு கீது" என்பார். வீட்டில் தறி காத்துக் கிடக்கும். ரயில் பைத்தியம் அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று குழுவில் பலமுறை பெருமையடித்திருக்கிறேன்.

அண்ணனிடம் முழுப் படத்தைக் கேட்டேன்.

"ஃப்ரேம்ல ஆளுங்க வந்தா நாம வெட்டிடறதுதானேம்மா. ஒரிஜினல் கீது, அனுப்பறேன்" என்றார்.

உண்மைதான். நானும் எத்தனையோ பேரை அப்படி வெட்டியிருக்கிறேன்.

படம் வந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து, வாயைப் பிளந்தபடி நான் இன்ஜினைப் பார்க்கிறேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் நைனா, ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.