மூன்றாம் வருஷப் படையல்

உயுனி ஊருக்கு வெளியே, துருப்பிடித்த ரயில் என்ஜின்கள் சாய்ந்து கிடக்கும் பொட்டலில், ஹிலாரியா ஒரு என்ஜினின் கொதிகலன் நிழலில் துணியை விரித்தாள். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தாள். பிள்ளை உருவத்தில் சுட்ட ரொட்டி, வேகவைத்த கினோவாத் தானியம், லாமா என்னும் மலைமிருகத்தின் உப்புக்கண்டம், ஒரு குப்பி சோளக் கள்.

இன்று கல்லறைத் திருநாள். செத்தவன் நேற்று மதியம் வந்திருப்பான். இன்று மதியம் போய்விடுவான். அதற்குள் வெளியாள் ஒருவர் ஜெபம் சொல்லிச் சாப்பிட வேண்டும். அவர் வாயில் போவதுதான் செத்தவன் வயிற்றுக்கு. வீட்டாள் தொடக்கூடாது. மூன்று வருஷம்தான் இந்தப் படையல். முதல் இரண்டு வருஷமும் அவள் வாசலை யாரும் மிதிக்கவில்லை. அவள் புருஷன் செவேரோ செத்தது இதே என்ஜினில், செம்புக்குழாய் திருடும்போது, இரும்பு சரிந்து. திருடனுக்கு யார் ஜெபம் சொல்வார்கள்? கடைசி வருஷமாவது, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்போம் என்று இங்கே வந்துவிட்டாள்.

சுற்றுலா ஜீப் ஒன்று வந்து நின்றது.

"அக்கா, வண்டி எப்போ கிளம்புது?" என்றான் டிரைவர், துருப்பிடித்த என்ஜினைக் காட்டி.

"நீ ஏறுனதும்."

வெள்ளைக்காரர்கள் என்ஜின் மேல் ஏறிப் படமெடுத்தார்கள். ரொட்டியை நீட்டினாள். சிரித்துக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

உச்சி நெருங்கியபோது பாஸ்குவல் வந்து தள்ளி நின்றான். அன்று செவேரோவுடன் குழாய் அறுக்க வந்தவன், ஓடிப்போனவன். மூன்று வருஷமாக அவள் கண்ணில் படாதவன்.

"ஜெபம் தெரியுமா?"

"பாதிதான் வரும், மதினி."

"வர்றதச் சொல்லு."

தொப்பியைக் கழற்றித் திக்கித் திக்கிச் சொன்னான். ஜெபம் சொன்னவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. தட்டு நிறைய வைத்துக் கொடுத்தாள். அவன் குனிந்து தின்றான்.

"நீ ஓடுறப்போ அவன் உசுரோட இருந்தானா?"

அவன் வாய் நின்றது.

"கூப்பிட்டான், மதினி."

"யார?"

"என்னைத்தான். சத்தம் கேட்டு காவல்காரன் வந்துருவான்னு..."

அவள் குப்பியின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். ஊரில் கோயிலின் மதிய மணி அடிக்கத் தொடங்கியது. இனி வேறு ஆள் தேட நேரமில்லை. குப்பியைக் கீழே வைத்து, இன்னொரு கரண்டி கினோவாவை அவன் தட்டில் போட்டாள்.

"போதும், மதினி."

"உனக்குப் போதும். அவனுக்குப் பத்தாது. தின்னு."

அவன் தின்றான். தட்டு காலியாகும்வரை அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.